மறுப்பு எதுவும் வராவிட்டால்

வின்கோ டொலினார் தம் வாழ்நாளில் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. நல்ல மனிதர் போலிருக்கிறதே என்று அவசரப்பட்டு உருகிவிட வேண்டாம். அவர் 'முடியும்' என்றும் சொன்னதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் அந்தச் சந்தில் குடியிருப்பவர்களுக்கு நல்ல சம்பளமும் வரிச்சலுகையும் கோடையில் நீளமான விடுமுறையும் உண்டு. வின்கோ கால் நூற்றாண்டாக அங்கே குடியிருந்தார். மரியாதைக்கு 'அவர்' என்றே போட்டுக்கொள்வோம், பதவி அப்படி.

பிறந்தது ஸ்லோவேனியாவில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில். அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வேலித் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட வீடு. பேச்சுதான் நின்றதே தவிர ஒரே மேஜையில்தான் சாப்பாடு. "அந்தக் கழுதைகிட்ட உப்பக் கேளு" என்பார் அப்பா. பையன் வின்கோ பெரியப்பா பக்கம் திரும்பி, "பெரியப்பா, அப்பா உப்பப் பத்தி விசாரிச்சாரு" என்பான். "உப்பு இல்லாட்டி செத்துட மாட்டான்னு சொல்லு" என்பார் பெரியப்பா. "பெரியப்பா அத அப்புறமா யோசிக்கிறாராம்பா." இப்படியே அடிதடி இல்லாமல் பல வருஷம் ஓடியது. உப்பும் கடைசி வரை வந்து சேரவில்லை. இந்த வித்தைக்குச் சம்பளம் கொடுக்கிற ஊர் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த அன்றே வின்கோ ரயிலேறிவிட்டார்.

பிரஸ்ஸல்ஸில் இருபத்தேழு நாடுகள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. வெளியுலகத்தோடு ஒரே குரலில் பேச வேண்டும் என்று அவை எப்போதோ முடிவு செய்துவிட்டன; என்ன பேசுவது என்பதுதான் பாக்கி. உலகத்தைக் கூறுபோட்டு, கூறுக்கு ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வின்கோ தலைமை வகித்தது சாஹேல் குழுவுக்கு. சஹாராப் பாலைவனத்துக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் வறண்ட நாடுகள் அவை. அந்தப் பக்கம் போய்வந்தவர்களை அறைக்குள் விரல்விட்டு எண்ணிவிடலாம். போகாதவர்களுக்குத்தான் அபிப்பிராயம் அதிகம்.

அந்த அறையில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. முன்னாலிருக்கும் பலகையில் எந்த நாட்டின் பெயரோ அதுதான் ஆள். "போர்ச்சுகல் பாத்ரூம் போயிருக்கு, வந்ததும் ஆரம்பிச்சிடலாம்" என்று வின்கோ கூசாமல் சொல்வார். பின்லாந்துக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும். "கிரீஸ், மைக்க அணைங்க, நீங்க பிஸ்கட் கடிக்கறது எல்லாருக்கும் கேக்குது." ஒருமுறை, சாஹேலில் நடக்கும் கொலைகளைப் பற்றி 'ஆழ்ந்த கவலை' என்று எழுதுவதா 'கடும் கவலை' என்று எழுதுவதா என்று காலையில் தொடங்கிய பேச்சு இருட்டும்வரை போனது. வின்கோ 'கவலை வளர்ந்துவருகிறது' என்று எழுதி நீட்டினார். இருபத்தேழும் தலையாட்டின. கவலை யாருக்குமே இல்லை. ஆகவே அது வளர்வதில் யாருக்கும் ஆட்சேபமும் இல்லை.

தலையாட்டுவதுகூட அங்கே அதிகப்படிதான். பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எழுதி முடித்த அறிக்கையை எல்லா நாடுகளுக்கும் அனுப்பி, 'வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் அனைவரும் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். வேண்டாம் என்பவர் எழுதித் தெரிவிக்க வேண்டும். அதற்கு 'மௌனத்தைக் கலைப்பது' என்று பெயர். கலைத்தவரை அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. உலகத்தில் பல முடிவுகளை இப்படி எவரும் எதுவும் சொல்லாமலே எடுத்திருக்கிறார்கள். வின்கோ அனுப்பிய எந்த அறிக்கையின் மௌனமும் இதுவரை கலைந்ததில்லை. அவருடைய ஒரே பெருமை அதுதான்.

மனைவி மார்லீன் இந்த ஊர்க்காரி, டிராம் ஓட்டுபவள். அவர்கள் சந்தித்த கதையை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வந்த புதிதில் ஒரு நாள் வின்கோ டிராமில் ஏறினார். இறங்க வேண்டிய இடம் வந்தது. பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும். வேறு யாராவது அழுத்துவார்கள் என்று இருந்துவிட்டார். அடுத்த நிறுத்தம், அதற்கடுத்தது, அப்படியே டிராம் கொட்டகை வரை போய்விட்டார். விளக்கை அணைக்க வந்த மார்லீன் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தாள்.

"எங்கய்யா எறங்கணும்?"

"அது... நாலஞ்சு ஸ்டாப்புக்கு முன்னாடி."

"வாயில என்ன, உருளைக்கிழங்கா? அழுத்தறதுக்குத்தானே பொத்தான் வெச்சிருக்கு!"

அவள்தான் திருப்பி ஓட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்டாள். கல்யாணப் பேச்சையும் அவளே எடுத்தாள். வின்கோ மறுக்கவில்லை.

வீட்டிலும் அந்த வியாதி தொடர்ந்தது. 'ஹாலுக்குச் சாம்பல் நிறம் அடிக்கலாம் என்றிருக்கிறேன், ஞாயிறு மாலைக்குள் மறுப்பு இல்லையென்றால்' என்று சமையலறையில் சீட்டு ஒட்டிவைப்பார். மார்லீன் அந்தச் சீட்டிலேயே மீனைச் சுத்தம் பண்ணுவாள். "இது என் வீடுய்யா, ஐநா சபை இல்ல. வேணுமா வேணாமான்னு மூஞ்சியப் பாத்துக் கேளு." அவர் சிரித்து மழுப்பிவிடுவார். சுவர் பழைய மஞ்சளாகவே இருந்தது.

சாஹேலுக்கு அவர் ஒரே ஒருமுறை போயிருக்கிறார். அங்கே ஒரு நாட்டில் இந்த இருபத்தேழும் சேர்ந்து ராணுவப் பயிற்சி முகாம் ஒன்று நடத்தின. அதைப் பார்வையிட ஒரு குழு கிளம்பியது, தலைவர் போகாமல் முடியாது. அங்கே அவருக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்தவன் இசூஃபு. முப்பது முப்பத்திரண்டு வயசு, நெடுநெடுவென்று உயரம், வாய் ஓயாத ஆள். வின்கோவை அவன் 'மிஸ்யூ' என்பான், பிரெஞ்சில் ஐயா. இரண்டாம் நாளே வின்கோவுக்கு வயிற்றைப் புரட்டி எடுத்துவிட்டது. இசூஃபு பாவோபாப் மரத்துப் பழத்தூளை மருந்தாகத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு கட்டில் அருகிலேயே உட்கார்ந்திருந்தான்.

"மிஸ்யூ வின்கோ, செத்துகித்துப் போயிடாதீங்க. இங்க வெள்ளக்காரர் செத்தா எங்களுக்கு எழுத்து வேலை ஜாஸ்தி. எங்காளு செத்தா ஒரு வரிதான்."

திரும்பி வரும் வழியில் துப்பாக்கிக்காரர்கள் குறுக்கே கயிறு கட்டிச் சாலையை மறித்தார்கள். சீருடை இல்லாத கும்பல். முன்னால் போன காவல் வண்டி புழுதியில் மறைந்துவிட்டது. வின்கோ இருந்த வண்டி மட்டும் மாட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் யார் என்று தலைவன் கேட்டான். "பல் டாக்டர்" என்றான் இசூஃபு, கண் இமைக்காமல். தலைவன் உடனே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயைத் திறந்து காட்டினான். கடைவாய்ப் பல் ஒன்று கருத்துப்போயிருந்தது. பிடுங்கணுமா வேணாமா?

வின்கோ உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போதும் பழக்கம் விடவில்லை. "நிலைமையைத் தொடர்ந்து கவனித்து, உரிய நேரத்தில் முடிவெடுப்பது நல்லது" என்றார்.

இசூஃபு அதை உள்ளூர் மொழியில் ஒரே வார்த்தையில் சொன்னான். தலைவன் நிம்மதியாகத் தலையை ஆட்டி, கயிற்றை இறக்கி, வண்டியை விட்டுவிட்டான்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார் வின்கோ, நாலு மைல் தாண்டியபிறகு.

"பிடுங்குன்னு சொன்னேன். நீங்க பேசறதுல ஆமாவோ இல்லயோ எங்கயாவது ஒளிஞ்சிருக்கும் மிஸ்யூ. தேடி எடுத்துக் குடுக்கறதுதான் என் வேலை."

அன்று வின்கோ அழுதுவிட்டார். இசூஃபுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு எதாவதுன்னா நான் இருக்கேன்" என்றார். அவர் வாயிலிருந்து நேராக வந்த ஒரே வாக்கியம் அது. பயத்தில் வந்தது, அதனால்தான் நேராக வந்தது.

அதற்கடுத்த வருஷம் அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதில் பாதிப்பேர் இவர்கள் முகாமிலேயே சுடக் கற்றுக்கொண்டவர்கள். முகாமைக் காலி செய்யச் சொன்னார்கள். இருபத்தேழு நாடுகளும் விமானம் விமானமாக வந்து அள்ளிக்கொண்டு போயின. காப்பி இயந்திரம் போனது. உடற்பயிற்சி சைக்கிள்கள் போயின. முகாமில் சுற்றிய நாய்க்குத் தடுப்பூசி போட்டு, கூண்டு செய்து, அதையும் ஏற்றினார்கள். சமைத்தவர்கள், ஓட்டியவர்கள், மொழிபெயர்த்தவர்கள் மட்டும் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். புதிய ஆட்சி முதலில் தேடியது அந்தச் சான்றிதழ் வைத்திருந்தவர்களைத்தான். எரிகிறதா இல்லையா வயிறு? அந்த அறையில் யாருக்கும் எரியவில்லை. அவர்கள் 'சாஹேல்: புதிய பொதுக் கொள்கை' என்று தலைப்பிட்டு எழுத உட்கார்ந்தார்கள்.

வின்கோ அப்போது ஒரு காரியம் செய்தார். அவருக்கே அது புதிது. முதல் வரைவில், யாரையும் கேட்காமல், பதினான்காவது பத்தியாக ஒன்றைச் சேர்த்தார்: முகாமில் பணியாற்றிய உள்ளூர்க்காரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் இருபத்தேழு நாடுகளும் ஏற்றுக்கொள்ளும். அன்று வீட்டுக்கு வந்ததும் மார்லீனிடம் சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாடியறையை ஒழிக்க ஆரம்பித்தாள். வாரக் கடைசியில் பழைய சாமான் சந்தையிலிருந்து ஓர் அடுக்குக் கட்டிலை இரண்டு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். இசூஃபுவுக்கு இரண்டு குழந்தைகள்.

இசூஃபு குரல் பதிவுகள் அனுப்புவான். பின்னால் ஆடு கத்தும், குழந்தைகள் சிரிக்கும். "மிஸ்யூ, வீட்ட மாத்திட்டோம். இப்போ மச்சினன் வீடு. டிரைவர் அமாதுவக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, திரும்பி வரல. பதினாலாவது பத்தி எப்படியிருக்கு? அதுக்கு ஒடம்பு சௌகரியமா?"

"இருக்கு இசூஃபு, நல்லா இருக்கு" என்று பதில் அனுப்புவார் வின்கோ.

அதன் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. மூன்று நாடுகளுக்கு அந்தப் பத்தி கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. எந்த நாடுகள் என்று சொல்லத் தேவையில்லை. வாராவாரம் ஆள் மாறி உட்கார்ந்தாலும் பல்லவி ஒன்றுதான். "ஏற்றுக்கொள்ளும்னா எங்க ஊர்ல தேர்தல் வருது" என்றது ஒன்று. வின்கோ அதை 'ஏற்பதைப் பரிசீலிக்கும்' என்று மாற்றினார். "பரிசீலிக்கும்னா எப்போன்னு கேப்பாங்களே" என்றது இன்னொன்று. 'சூழ்நிலை இடங்கொடுத்தால்' என்பது சேர்ந்தது. மூன்றாவது, குடும்பம் என்றால் எத்தனை பேர் என்று கேட்டது. சாஹேல் பக்கம் ஒரு வீட்டில் நிறையப் பேர் இருப்பார்களாமே, எங்கோ கேள்விப்பட்டதாம். குடும்பம் என்ற சொல்லே போய்விட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் வின்கோவுக்குக் கைகுலுக்கல் கிடைத்தது. எப்படித்தான் எல்லாரையும் சமாளிக்கிறீர்களோ என்றார்கள். அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பத்தி தேயத் தேய அவர் மனசு நொந்தது உண்மை. பாராட்டில் மனசு குளிர்ந்ததும் உண்மை.

அறையில் ஒரே ஒரு ஆள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். பலகையில் லாட்வியா, பெயர் இல்ஸே. நாற்பதைத் தாண்டியவள், முன்பு பத்திரிகையில் இருந்தவள், கேள்வி கேட்கிற பழக்கத்தை இன்னும் விடாதவள். மேல்மாடி வராந்தாவில் அவரை மடக்கினாள்.

"டொலினார், எங்க ஊர்ல பேசிட்டேன். நாலு குடும்பத்த எடுத்துக்கறோம். உங்க இசூஃபுவும் அதுல ஒருத்தர். ஆனா பத்தி எந்த ரூபத்துலயாவது இருக்கணும். பொதுக் கொள்கையில ஒரு வரி இல்லாம எங்க பார்லிமென்ட்ல நான் கேக்க முடியாது. மத்தவங்க யாருமே எடுக்கலயே, நாம மட்டும் ஏன்னு கேப்பாங்க."

"இருக்கும் இல்ஸே, இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

"அதுக்குள்ள எதுக்கு அவ்வளவு அவசரம்?"

அடுத்த திங்கட்கிழமை வெளியுறவு அமைச்சர்கள் கூடி, புதிய கொள்கையைக் கேமராக்களுக்கு முன் அறிவிப்பதாக ஏற்பாடு. புதன்கிழமை அந்த மூன்று நாடுகளும் ஒரே குரலில் பேசின. பொதுக் கொள்கையின் முதல் வெற்றி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். பதினான்காவது பத்தி இருந்தால் கையெழுத்து இல்லை. வின்கோ ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு பத்தியை எடுத்துவிட்டார். பதினைந்து பதினான்காயிற்று, பதினாறு பதினைந்தாயிற்று, எங்கே இடைவெளி இருந்தது என்றே தெரியாமல் அறிக்கை கூடிவிட்டது. அதை இருபத்தேழு நாடுகளுக்கும் அனுப்பினார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால்.

இல்ஸே மூச்சிரைக்க அவர் அறைக்குள் வந்தாள். "நான் மௌனத்தக் கலைக்கப்போறேன்."

"உக்காருங்க. காப்பி?"

"காப்பியும் வேணாம், ஒன்னும் வேணாம். ஒரே ஒரு மெயில் போதும், உங்க அறிக்கை கவுந்துரும். திங்கட்கிழமை அமைச்சருங்க கேமரா முன்னாடி கையப் பெசையட்டும். அப்பத்தான் அந்தப் பத்திய எவனாவது திரும்பிப் பாப்பான்."

அவள் சொன்னது சரி. வின்கோவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. இந்த மாதிரி இடத்தில் உடைத்தால்தான் நகரும். அவர் வாயைத் திறந்து "கலைங்க" என்று சொல்லியிருக்கலாம். அதுகூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தாலே அவளாகக் கலைத்திருப்பாள். வாழ்நாள் முழுக்க மூடியே வைத்திருந்த வாயை அன்று பார்த்துத் திறந்தார்.

"இல்ஸே, இது போகட்டும். வசந்தத்துல செயல்திட்டம்னு ஒன்னு எழுதுவோம்ல, அதுல இந்தப் பத்திய முதல் வரியாவே போட்டுடலாம். அந்த ஆளுங்களுக்கு வேற வழியும் பாத்துக்கிட்டிருக்கு."

"வேற வழின்னா?"

"பேச்சுல இருக்கு. வெளிய சொல்ற மாதிரி இல்ல."

எந்த வழியும் எந்தப் பேச்சிலும் இல்லை. பச்சைப் பொய். ஆனால் வின்கோவின் வாயில் பொய்கூடப் பொய் மாதிரி இராது. வெண்ணெய் தடவிய ரொட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். இசூஃபு இவர் உயிரைக் காப்பாற்றியவன் என்பது இல்ஸேவுக்குத் தெரியும். இவரே சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வாள்?

"சரி. உங்களுக்காக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை வின்கோ கணினியை விட்டு அசையவில்லை. பன்னிரண்டு நெருங்கும்போது ஒரு மெயில் வந்து விழுந்தது. அவசரமாகத் திறந்தால், கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடத்தைக் கழுவப்போகிறார்களாம். பக்கத்துத் தேவாலயத்தில் மணி அடித்தது. ஒரு நாடும் மூச்சு விடவில்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், பிளாஸ்டிக் கோப்பைகளில் ஷாம்பெயின் ஊற்றினார்கள். சாஹேல் விஷயத்தில் இருபத்தேழு நாடுகளும் ஒரே குரல் என்று யாரோ ஒருவர் தழுதழுத்தார். ஒரு குரலும் எழவில்லை என்பதை அவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்.

கையில் கேக் தட்டு இருக்கும்போதே சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. டிராமில் உட்கார்ந்துதான் கேட்டார்.

"மிஸ்யூ வின்கோ, நான் இசூஃபு. நேத்து எங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டாங்க. மச்சினன் ஒரு லாரி பாத்து வெச்சிருக்கான், வடக்க பாலைவனம் வழியா போறது. புள்ளைங்களோட அந்த வழி எப்படின்னு உங்களுக்குத் தெரியும். உங்க காகிதத்துல பத்தி இருக்குன்னா இங்கயே பதுங்கிக் கெடக்கறோம், கூப்பிடற வரைக்கும் பொறுத்துக்கறோம். இல்லன்னா ஏறிடறோம். லாரி நாளைக்குக் கெளம்புது. ஆமாவா இல்லயா, ஒரே வார்த்தை போதும்." பின்னால் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது.

இல்லை. மூன்றே எழுத்து. போனில் தட்டக் கண்சிமிட்டும் நேரம்கூட ஆகாது. இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் திட்டியிருப்பான், அழுதிருப்பான், லாரியில் ஏறியிருப்பான். வின்கோ டிராமில் மூன்று நிறுத்தம் யோசித்தார். அவருக்கு அந்த வார்த்தை வரவில்லை. தாம் கெட்டவர் ஆகிவிடுவோமே என்று பயம், வேறொன்றும் இல்லை. கடைசியில் எழுதினார்: 'அன்புள்ள இசூஃபு, அந்த விஷயம் கைவிடப்படவில்லை. அடுத்த கட்டத்தில் உரிய இடத்தில் எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் நிலைமையை உன்னிப்பாகக் கவனித்துவருகிறோம்.'

பதில் உடனே வந்தது. இசூஃபு எப்போதும்போலத் தன் வேலையைச் செய்திருந்தான், ஒளிந்திருந்ததைத் தேடி எடுத்துக்கொண்டான். "புரிஞ்சிடுச்சு மிஸ்யூ! கைவிடல, அது போதும். லாரிக்காரன்கிட்ட வரலன்னு சொல்லிட்டேன். என் பொண்டாட்டி ரமாத்து உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னா."

வீட்டில் மார்லீன் அந்த இரண்டு செய்திகளையும் வாங்கிப் பார்த்தாள்.

"பத்தி இருக்கா இல்லயா?"

"இப்போதைக்கு அது..."

"வின்கோ."

"இல்ல."

"அப்போ இது என்ன எழுத்து? மனுஷன் எழுதறதா இது? அவன் லாரிய அனுப்பிட்டான்யா! கூப்பிடு. இப்பவே கூப்பிட்டு இல்லன்னு சொல்லு."

"நாளைக்குக் காலைல பக்குவமா..."

"பொத்தான அழுத்துடா!" என்று கத்தினாள் மார்லீன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரை 'டா' போட்டது அன்றுதான்.

அவர் அழுத்தினார். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் பிடுங்கி அழுத்தினாள். அதே மணி. மறுநாள் மணியும் போகவில்லை.

அமைச்சர்கள் கேமராக்களுக்கு முன் சிரித்தார்கள். பனிக்காலம் வந்தது. இல்ஸே வராந்தாவில் அவரைக் கண்டால், "அந்த வேற வழி எந்த மட்டுல இருக்கு?" என்பாள். "நகர்ந்துக்கிட்டிருக்கு" என்பார். சில வாரத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள், வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். வின்கோ இசூஃபுவுக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார். நலமா? எங்கே இருக்கிறாய்? ஒவ்வொன்றின் அடியிலும் ஒற்றைக் குறி. போய்ச் சேரவில்லை என்று பொருள். மாடியறையில் அடுக்குக் கட்டில், மேலே ஒன்று கீழே ஒன்றாகப் போர்வை மடித்தபடி கிடந்தது. மார்லீன் அந்தக் கதவைச் சாத்தவே விடவில்லை. படியேறும்போதெல்லாம் அவருடைய கண் அதில் விழட்டும் என்பது அவள் எண்ணம்.

அவருக்குத் தூக்கம் கெட்டது. இளைத்துப்போனார். பாவம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, ஆனாலும் இளைத்துப்போனார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நிலைமைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முடிவு காண அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமை உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, நிதானமாக எழுதினார்: 'அன்புள்ள இசூஃபு, உன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மதியம் வரை உன்னிடமிருந்து மாற்றுச் செய்தி எதுவும் வராவிட்டால், நீயும் குடும்பமும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.' படித்துப் பார்த்தார். ஒரு சொல்லும் உறுத்தவில்லை. அனுப்பினார். அடியில் ஒற்றைக் குறி.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. மார்லீனுக்கும் விடுப்பு. சமையலறையில் அவள் சிப்பிகளைச் செலரியும் வெங்காயமும் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தாள். வின்கோ போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்கோடித் தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தது. கடைசி மணி ஓயும்வரை இருந்தார். பிறகு மெல்ல மூச்சை விட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். பல வாரமாகக் காணாத நிறம் முகத்தில் திரும்பியிருந்தது.

மார்லீன் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "என்ன ஆச்சு?"

"ஒன்னும் வரல."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"நல்லா இருக்காங்கன்னுதான் அர்த்தம்."

கரண்டியும் கையுமாக மார்லீன் அப்படியே நின்றாள். வின்கோ அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சற்றுக் காத்திருந்தார். அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நாற்காலியை மேஜையருகே இழுத்துப்போட்டுக்கொண்டு, ஒரு சிப்பியைப் பிளந்து, சாப்பிட ஆரம்பித்தார்.